விட்ட இடத்திலிருந்து

2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், தோழியரே, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்றுதான் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. குரங்கை வைத்துச் சொல்லப்பட்ட பகிடிகள் பல நாட்களுக்கு ஓயவில்லை. எனக்கு அந்த நாள் வேறொரு காரணத்தால் மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை, அது செய்துகொண்டிருந்த வேலையோடு சேர்த்து அப்படியே நிறுத்திவைத்து, மறுநாள் அதே இடத்திலிருந்து எழுப்பலாம் என்பதை முதன்முதலில் கண்ணால் கண்ட நாள் அது.

எங்கள் வீடு சம்மாந்துறையில், வீரமுனை எல்லைக்குக் கிட்ட. விடுமுறை நாட்களில் நானும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியும் வீரமுனையில் ஓர் அக்கா வீட்டு முன் மண்டபத்தில் நடத்தும் கணினி வகுப்புக்குப் போவோம். வீரமுனைப் பிள்ளைகள் இருவரும் எங்களோடு சேர்ந்து படிப்பார்கள். நால்வருக்கும் அக்கா ஒரு வேலை தந்திருந்தார். அவ்வூர் வாசிகசாலை ஒன்றின் நூற்பதிவேடு பழைய கொப்பிகளில் இருந்தது. ஓரங்களைக் கறையான் தின்னத் தொடங்கியிருந்தது. அதை ஒவ்வொரு நூலாகக் கணினியில் பதிய வேண்டும். தரவுத்தளம் பாடத்தில் படித்ததைச் செய்து பார்க்கவும் அது ஒரு வழி.

அந்த ஞாயிறு நாங்கள் 418 நூல்களைப் பதிந்து முடித்து, 419ஆவதின் பெயரில் பாதியைத் தட்டியிருந்தோம். கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதன் மின்கலம் பழையது. நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. "எழும்பு பிள்ள, நான் பார்க்கிறன்" என்று அக்கா என் கதிரையில் அமர்ந்தார். நாங்கள் தட்டிக்கொண்டிருந்த சாளரத்தை மூடப் போனார். திரையில் மூன்று தெரிவுகள் வந்தன. முதலாவதைத் தெரிந்தெடுத்தார். ஒரு கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கணினியை முறைப்படி அணைத்தார்.

மறுநாள் பின்னேரம் போய்த் திறந்தோம். அதே சாளரம், அதே படிவம். 419ஆவது நூலின் பாதிப் பெயர் அப்படியே இருந்தது. அடுத்த எழுத்துக்காகச் சுட்டி மின்னிக்கொண்டிருந்தது. பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்க, திரையின் மூலையிலிருந்த கடிகாரம் மட்டும் இன்னும் ஞாயிறு முற்பகல் என்றே காட்டியது. நாங்கள் சிரித்துவிட்டோம். உள்ளே இருந்த கணினிக்கு ஒரு நாள் கழிந்ததே தெரியாது.

கணினிக்குள் இன்னொரு கணினி

உள்ளே இருந்த கணினி என்று சொன்னேன். அதுதான் மெய்நிகர் பொறி. அக்காவின் கணினியில் இருந்தது விண்டோஸ். எங்கள் தரவுத்தளத்துக்கு அவர் தெரிந்தெடுத்தது லினக்ஸ். அதற்காக இன்னொரு கணினி வாங்கவில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்த விண்டோஸ் கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினியை உண்டாக்கித் தந்தது. அதற்கென 2 ஜிகாபைட்டு நினைவகம், ஒரு வன்தட்டு, ஒரு வலையமைப்பு அட்டை எல்லாம் உண்டு. அந்த வன்தட்டு, உண்மையில் விண்டோஸில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே ஓடும் லினக்ஸ் தன்னை ஒரு முழுக் கணினியில் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. விளங்குவதற்கு இலகுவாக, மேசையில் இருப்பதை வெளிக்கணினி என்றும் அதற்குள் ஓடுவதை உட்கணினி என்றும் இனிச் சொல்கிறேன்.

இந்த எண்ணம் புதியதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. வீட்டு மேசைக்கு இது வந்தது 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வீ.எம்.வெயார் நிறுவனத்தால். அதை நிறுவியவர்களுள் ஒருவரும், அதன் முதல் தலைமை நிறைவேற்று அதிகாரியும் டயான் கிறீன் என்ற பெண்மணி. நாங்கள் பாவித்த வேர்ச்சுவல்பொக்ஸ் 2007இல் வெளிவந்தது. இன்று அது ஒரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது. அதே 2007இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே கே.வீ.எம். என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நாம் அன்றாடம் இணையத்தில் தொடும் சேவைகளில் பெரும்பங்கு இப்படிப்பட்ட உட்கணினிகளில்தான் ஓடுகிறது.

எதைச் சேமிக்கிறது?

இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது மருதமுனையில் வாழ்க்கைப்பட்ட என் சாச்சியின் கைத்தறி. சாச்சி தறியில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் உடனே எழும்ப மாட்டா. நாடா எந்தப் பக்கம் நிற்கிறது, கடைசியாக எந்த மிதியை மிதித்தா, கரைப் பூவில் எத்தனையாவது இழை என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவா. நெய்து முடிந்த துணி தறியில் சுருட்டிக் கிடக்கும், அது எங்கும் போகாது. ஆனால் அந்த மூன்று விடயங்களையும் மறந்தால் அடுத்த இழையைச் சரியாகப் போட முடியாது.

உட்கணினியிலும் இதே இரண்டு வகை உண்டு. நெய்து முடிந்த துணி வன்தட்டு. நாங்கள் பதிந்து முடித்த 418 நூல்களும் அங்கே எழுதப்பட்டுவிட்டன. கரண்ட் சடுதியாகப் போயிருந்தாலும் பெரும்பாலும் அவை தப்பியிருக்கும். 419ஆவது நூலின் பாதிப் பெயர் வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் மட்டும் இருந்தது. கரண்ட் போனால் முதலில் அழிவது அதுதான். ஓடும் நிலையைச் சேமிப்பது என்றால், துணிக்கு வெளியே உள்ள அந்த நாடாவையும் மிதியையும் எண்ணிக்கையையும் எழுதிவைப்பது.

உயர்தரப் பாடத்தில் பணிசெயல் முறைமை பற்றிப் படிக்கும்போது இதன் சிறு வடிவத்தைக் கண்டிருப்பீர்கள். ஒரு முறைவழியை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும்போது, முதலாவதின் பதிவகங்களில் இருந்த பெறுமானங்களைப் பணிசெயல் முறைமை எழுதிவைத்துக்கொள்ளும். அதன் முறை திரும்ப வரும்போது அவற்றை மீள நிரப்பும். ஒரு முறைவழிக்குச் செய்வதை ஒரு முழுக் கணினிக்குச் செய்வதுதான் இங்கே நடப்பது. சேமிக்கப்படுவன மூன்று.

முதலாவது, செயலியின் பதிவகங்கள். அடுத்து எந்தக் கட்டளையை நிறைவேற்ற வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அளவில் மிகச் சிறியது. இரண்டாவது, நினைவகம் முழுவதும். இதுதான் பெரும்பாரம். மூன்றாவது, சாதனங்களின் நிலை. வலையமைப்பு அட்டை எதை அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது, திரையில் என்ன தெரிந்தது, அழுத்திய விசை உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பன போன்றவை.

செய்யும் ஒழுங்கும் முக்கியம். முதலில் உட்கணினியின் செயலி நிறுத்தப்படும். வன்தட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் எழுத்துகள் போய்ச் சேரும்வரை காத்திருக்கப்படும். பிறகு மேலே சொன்ன மூன்றும் ஒரு கோப்பாக எழுதப்படும். எழுப்பும்போது அந்தக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் பழைய இடங்களில் வைத்துவிட்டு, செயலியை ஓட விடுவார்கள். அது நிறுத்திய கட்டளைக்கு அடுத்த கட்டளையைச் செய்யும். இடையில் போனது ஒரு செக்கனா ஒரு மாதமா என்பது அதற்குத் தெரியாது.

மடிக்கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் வைப்பதும் இதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அங்கே பணிசெயல் முறைமையே தன்னைத் தான் உறங்க ஆயத்தப்படுத்த வேண்டும். உண்மையான அட்டைகளுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து முழுதாக வாசிக்க முடியாது. உட்கணினியின் அட்டைகளோ உண்மையான அட்டைகள் அல்ல. அவை இன்னொரு மென்பொருளின் நினைவகத்தில் இருக்கும் வெறும் எண்கள். எண் என்றால் எழுதிவைக்கலாம், எழுதியதைத் திரும்ப வாசிக்கலாம். உட்கணினியைக் கேட்காமலே, அதற்குத் தெரியாமலே அதை உறங்கவைக்க முடிவது இதனால்தான்.

யூ.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும்?

மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு இந்தக் கணக்குப் பயன்படும். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டில் இருக்கிறோம் அல்லவா?

எழுத வேண்டிய அளவு ஏறத்தாழ உட்கணினியின் நினைவகத்தின் அளவு. வெறுமையாகக் கிடக்கும் பகுதிகளை முழுதாக எழுதத் தேவையில்லாததால் பெரும்பாலும் அதைவிடக் குறையும். சாதாரண வன்தட்டு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 100 மெகாபைட்டு எழுதும் என்று வைத்துக்கொள்வோம். 2 ஜிகாபைட்டுக்கு 20 செக்கன். அக்காவுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படாததன் காரணம் இதுதான். ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் தலா 4 ஜிகாபைட்டுடன் மூன்று உட்கணினிகள் ஓடினால் மொத்தம் 12 ஜிகாபைட்டு. அதற்கு 2 நிமிடம். ஐந்து நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ்.ஸுக்கு அது போதும். அதே 12 ஜிகாபைட்டை செக்கனுக்கு 10 மெகாபைட்டு எழுதும் மெதுவான பென் டிரைவில் எழுதப் போனால் 20 நிமிடம் வேண்டும். யூ.பி.எஸ். இடையில் கைவிட்டுவிடும்.

கே.வீ.எம். பாவிக்கும் லினக்ஸ் கணினிகளில், வெளிக்கணினி அணையப்போகும் வேளையில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா உட்கணினிகளையும் தானாகவே சேமித்து, திரும்ப எழும்பும்போது தானாகவே ஓட்டிவிடும் ஒரு சேவையை அமைத்துவைக்கலாம். அப்போது யாரும் கதிரைக்கு ஓடி வரத் தேவையில்லை.

எழும்பிய பின் வரும் சிக்கல்கள்

உறங்கி எழும்பிய உட்கணினி, நீண்டநாள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவரைப் போன்றது. தனக்குத் தெரிந்த உலகம் அப்படியே இருக்கும் என்று நினைக்கும்.

கடிகாரம் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இணையமோ, வேர்ச்சுவல்பொக்ஸுடன் வரும் உதவி மென்பொருளோ இருந்தால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். எங்களிடம் இரண்டும் இருக்கவில்லை. அதைக் கவனிக்காமல் பதிந்திருந்தால் திங்கட்கிழமைப் பதிவுகள் எல்லாம் ஞாயிறு என்று விழுந்திருக்கும்.

வலையமைப்புத் தொடர்புகள் அடுத்த சிக்கல். உட்கணினி ஒரு தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது உறங்கினால், மறுபக்கம் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொடர்பை அறுத்துவிடும். எழும்பியதும் இது மட்டும் பேசிக்கொண்டிருக்கும். மீண்டும் நுழைய வேண்டும்.

சேமித்த கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய் எழுப்ப விரும்பினால் அங்குள்ள செயலியையும் பார்க்க வேண்டும். இந்தச் செயலிக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்று உட்கணினி தொடங்கும்போதே கேட்டுவைத்திருக்கும். புதிய செயலிக்கு அவற்றில் ஒன்று தெரியாவிட்டால் இடையில் விழுந்துவிடும். அதேபோல வேர்ச்சுவல்பொக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன்னர் உட்கணினியை உறங்க வைக்காமல் முறைப்படி அணைத்துவிடுவது நல்லது.

பெண்பிள்ளைகளாகிய நாம் குறிப்பாக மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. சேமித்த அந்தக் கோப்பில் இருப்பது நினைவகத்தின் முழுப் பிரதி. அந்த நேரத்தில் திறந்திருந்த கடிதம், பார்த்துக்கொண்டிருந்த படம், தட்டிய கடவுச்சொல் எல்லாமே அதற்குள் இருக்கலாம். தெரிந்தவர்கள் கையில் எடுத்தால் அவற்றைத் தேடிப் பிடிக்க முடியும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறொருவரின் கணினியில் வேலை செய்தால் எல்லாவற்றையும் மூடி முறைப்படி அணைத்துவிட்டு வாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரியது, தறியும் துணியும் ஒத்திருக்க வேண்டும் என்ற விதி. சாச்சி எழும்பிப் போன பிறகு வேறொருவர் வந்து நான்கு இழை நெய்துவிட்டுப் போனால், சாச்சி மனத்தில் வைத்திருந்த எண்ணிக்கை பொய். அதை நம்பி நெய்தால் பூ கோணலாகிவிடும். உட்கணினி உறங்கும்போது அதன் வன்தட்டுக் கோப்பை வேறு வழியால் திறந்து மாற்றினாலும் இதேதான். நினைவகம் ஒன்றைச் சொல்லும், வன்தட்டு வேறொன்றைச் சொல்லும். உட்கணினி பழைய நினைவை நம்பி எழுத, உள்ளிருக்கும் கோப்புகள் சிதையும்.

நான் செய்த பிழை

வேர்ச்சுவல்பொக்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. அதன் பெயர் ஸ்னாப்ஷொட். உறங்கவைத்த நிலை ஒருமுறை எழுப்பியதும் முடிந்துவிடும். ஸ்னாப்ஷொட் அப்படியல்ல. அது அந்த நேரத்து நினைவகத்தையும் வன்தட்டையும் சேர்த்துக் குறித்துவைக்கும். எப்போது வேண்டுமானாலும் அந்த நேரத்துக்குத் திரும்பலாம். எங்கள் உட்கணினி மறுநாள் எழும்பியபோது அக்கா அப்படி ஒன்றை எடுத்துவைத்தார். அதில் இருந்தது 418 நூல்கள்.

நோன்பு மாதத்தில் பாடசாலை விடுமுறை. நாங்கள் விரைவாகப் பதிந்தோம். மாதம் முடியும்போது 1,036 நூல்கள். ஒரு பின்னேரம், நோன்பு திறக்கப் போக வேண்டும் என்ற அவசரத்தில், தமிழ் விசைப்பலகை ஒன்றைச் சரிசெய்யப் போய் எதையோ கெடுத்துவிட்டேன். எழுத்துகள் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. அக்கா உள்ளே இருந்தார். அவரைக் கூப்பிடாமல், "இதற்குத்தானே ஸ்னாப்ஷொட் இருக்கிறது" என்று பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினேன். இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷொட்டாக எடுத்துவைக்கவா என்று அது கேட்டது. வன்தட்டில் இடம் குறைவு என்று எண்ணி அந்த அடையாளத்தை நானே நீக்கினேன்.

எழுத்துகள் சரியாகிவிட்டன. 419ஆவது நூலின் பாதிப் பெயர் திரும்பவும் மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும்தான் எனக்கு வயிறு கலங்கியது. 618 நூல்களைக் காணவில்லை.

ஏன் அப்படி நடந்தது? ஒரு வரைபடத்தின் மேல் எண்ணெய்த்தாள் விரித்து, இனி வரைவதை எல்லாம் அந்தத் தாளின் மேல் வரைவதாக எண்ணிப்பாருங்கள். ஸ்னாப்ஷொட் எடுத்த கணத்திலிருந்து வேர்ச்சுவல்பொக்ஸ் அதைத்தான் செய்கிறது. பழைய வன்தட்டுக் கோப்பைத் தொடாது. புதிய எழுத்துகள் எல்லாம் வேறொரு கோப்பில் விழும். பழைய நிலைக்குத் திரும்புவது என்றால் எண்ணெய்த்தாளை உருவி எறிவது. விசைப்பலகைப் பிழையும் போனது, ஒன்றரை மாத உழைப்பும் அதோடு போனது. நினைவகத்தை மட்டும் பழைய நேரத்துக்குக் கொண்டுபோய் வன்தட்டை இன்றைய நேரத்தில் விட முடியாது. விட்டால் துணியும் தறியும் ஒவ்வாமல் போய்விடும்.

நான் அழத் தொடங்கினேன். அக்கா வந்து பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அழாத பிள்ள, கொப்பி இருக்குதானே" என்றார். கறையான் தின்ற அந்தக் கொப்பிதான் எங்களைக் காப்பாற்றியது. நால்வரும் பெருநாளுக்குப் பிறகு ஐந்து நாட்கள் இருந்து 618ஐயும் திரும்பப் பதிந்தோம். மற்ற மூவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

நாட்டுக்கும் நேர்ந்தது

பிறகு தேடி வாசித்தபோது, என் பிழைக்கு உறவான ஒன்று மிகப் பெரிய அளவில் நடந்திருந்ததை அறிந்தேன். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகில் கணினி மீது கப்பம் கேட்கும் தீநிரல் தாக்குதல் நடந்தது. அரச அலுவலகங்கள் பாவிக்கும் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. சேவையைத் திரும்ப ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு, வலையமைப்போடு தொடுக்காமல் தனியே வைத்த காப்புப்பிரதி இருக்கவில்லை.

இரண்டு சம்பவத்திலும் பாடம் ஒன்றே. திரும்ப ஓட வைப்பது வேறு, இழந்ததைத் திரும்பப் பெறுவது வேறு. ஸ்னாப்ஷொட்டும் உறங்கவைத்த நிலையும் அதே வன்தட்டில், அதே கணினியில் கிடப்பவை. வன்தட்டு பழுதானால், திருட்டுப் போனால், தீநிரல் பிடித்தால் மூலமும் போகும், அவையும் போகும். அடியிலுள்ள வரைபடம் எரிந்துவிட்டால் மேலிருந்த எண்ணெய்த்தாளை வைத்து என்ன செய்வது?

இதை எனக்கு உம்மா வேறு விதமாகச் சொன்னா. உம்மாவின் வீடு கல்முனைக்குடியில், கடற்கரைக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. உம்மா வீட்டார் உயிர் தப்பினார்கள். அலுமாரி, அதற்குள் இருந்த பிறப்புச் சான்றிதழ்கள், உறுதிகள் எதுவும் மிஞ்சவில்லை. "சான்றிதழைக் கடல் கொண்டு போனாலும் பதிவு கந்தோரில இருந்த பதிவைக் கொண்டு போகல்ல. அதால திரும்ப எடுத்தம். கல்யாணப் படம் ஒரு பிரதிதான். அது போனது போனதுதான்" என்றா. வன்தட்டையும் தீநிரலையும் அறியாத என் உம்மா காப்புப்பிரதியின் முழு இலக்கணத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டா.

ஓடிக்கொண்டே இடம் மாறுதல்

சேமித்து எழுப்பும் இந்தத் திறமையிலிருந்து பிறந்த ஒரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். உட்கணினியை நிறுத்தாமலே ஒரு வெளிக்கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்க்க முடியும். வீ.எம்.வெயார் 2003இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் என்ற மென்பொருளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று 2005இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது.

வீடு மாறும்போது நாம் செய்வதுதான். குடும்பம் பழைய வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அலுமாரியும் கட்டிலும் புது வீட்டுக்குப் போய்விடும். கடைசி நாளில் எஞ்சுவது சட்டி பானையும் படுத்த பாயும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தச் சிறு நேரம்தான் குடும்பம் எந்த வீட்டிலும் இல்லாத நேரம். இங்கேயும் உட்கணினி ஓடிக்கொண்டிருக்க, நினைவகம் முழுவதும் புதிய இடத்துக்குப் பிரதி செய்யப்படும். அதற்கிடையில் மாறிய பகுதிகள் மீண்டும் பிரதி செய்யப்படும். பிறகு அதற்கிடையில் மாறியவை. எஞ்சியது மிகச் சிறிதாகும்போது ஒரு கணம் நிறுத்தி, அதையும் பதிவகங்களையும் அனுப்பி, அங்கே எழுப்புவார்கள். அந்தக் கட்டுரையில், பலர் ஒரே நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்த கணினி விளையாட்டு ஒன்றின் சேவைக்கணினியை இப்படி மாற்றினார்கள். அது நின்ற நேரம் ஏறத்தாழ 60 மில்லிசெக்கன். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

நாங்கள் இப்போது செய்வது

வீரமுனை வகுப்பில் இப்போது சில பழக்கங்கள் உண்டு. கரண்ட் போனால் உட்கணினியை உறங்கவைப்போம். அது அந்த நேர அவசரத்துக்கு. எதையாவது நிறுவிப் பார்க்கும் முன்னர் ஸ்னாப்ஷொட் எடுப்போம். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுவோம். பழையதை மாதக்கணக்கில் வைத்திருந்தால் என்னைப் போல் யாராவது அழுத்திவிடுவார்கள். பழைய நிலைக்குத் திரும்பும் முன்னர் இப்போதைய நிலையைக் கட்டாயம் எடுத்துவைப்போம். இடம் இல்லாவிட்டால் இடம் உண்டாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

இவற்றோடு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நூற்பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து தனிக் கோப்பாக வெளியே எடுத்து இரண்டு பென் டிரைவில் போடுவோம். ஒன்று வீரமுனையில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கும். மற்றது சம்மாந்துறையில் எங்கள் வீட்டில், உம்மாவின் பெட்டகத்தில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பார்த்து எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பார்ப்போம். திறந்து பார்க்காத காப்புப்பிரதியை நம்ப வேண்டாம் என்பது அக்காவின் கட்டளை. அதைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக எண்ணியபோது 2,114 நூல்கள் இருந்தன. கொப்பியில் இன்னும் பதினேழு பக்கங்கள் மீதி. அவையும் முடிந்ததும் கொப்பியை எறிந்துவிடலாமா என்று வீரமுனைத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றோம்.